நான் நீக்கிய வளைவு

அன்புள்ள அப்பா,

மார்சிலிங் வீட்டில் உங்கள் நாற்காலியில் இப்போது அம்மா உட்காருகிறார். சாங்கி விமான நிலையத்தில் உங்களோடு சரக்கு ஏற்றியவர்கள் இன்னும் போன் செய்து விசாரிக்கிறார்கள். எனக்குத்தான் உங்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது.

என் ஆய்வுக்கூடத்துச் சென்சாருக்கு நீங்கள் ரத்தம் கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? தங்கப் பூச்சுத் தகட்டில் ஒரு துளி வைத்து, மெல்லிய மின்சாரத்தை வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி அனுப்பி, எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்போம். இதயம் திணறும்போது ரத்தத்தில் ஒரு புரதம் கூடும். அது தகட்டில் ஒட்டினால் தடை கூடும், திரையில் வரும் அரைவட்ட வளைவு பெரிதாகும். ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருப்பவர்களின் ரத்தமும் வேண்டும் என்றதும், "எனக்கென்ன, நான் இரும்பு லா" என்று விரலை நீட்டினீர்கள்.

எல்லோருடையதையும் விட உங்கள் அரைவட்டம்தான் பெரியதாக வந்தது. எனக்கு மட்டும் பெரிய ஆப்பமா என்று கேலி செய்தீர்கள். நானும் சிரித்தேன். தகட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று முடிவு கட்டி, உங்கள் வளைவை வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டேன். எங்கள் வேலையில் அது வழக்கம்தான், ஒத்துவராததற்கெல்லாம் தகட்டின்மேல் பழி போடுவோம். மூன்றே மாதத்தில் உங்கள் இதயம் நின்றுபோனது.

இன்னும் சோதனையில் இருக்கும் கருவி, ஒரே ஓர் அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது என்கிறாள் கூட வேலை செய்யும் தோழி. உண்மைதான். ஆனால் இரண்டாவது துளி கேட்டிருக்கலாமே? டாக்டரைப் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாமே?

அம்மாவிடம் சொல்லாமல் ஓராண்டு மென்று விழுங்கினேன். போன ஞாயிறு தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டுக் காப்பி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அம்மா கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஓவர்ஹெட் பிரிட்ஜ் படி ஏறுறப்போ உங்கப்பா நடுவுல நின்னு நின்னுதான் வருவாரு. கேட்டா, 'ஒண்ணுமில்ல, வியூ பாக்குறேன்'னு சொல்வாரு," என்றார். "நானும் கூட நின்னு பாத்தேன்டி."

அந்தக் காப்பிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே இருவரும் அழுதோம்.

நேற்று உங்கள் வளைவை வரைபடத்தில் திரும்பச் சேர்த்தேன். ஏன் நீக்கினேன் என்றும் ஆய்வுக் கட்டுரையில் எழுதினேன். கட்டுரை வெளிவருவது தள்ளிப்போகும் என்று என் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

இனி யாருடைய வளைவாவது ஒத்துவராவிட்டால், தகட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் அந்த ஆளைக் கூப்பிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். உங்களிடம் நான் அதைக் கேட்கவே இல்லையே, அப்பா.

உங்கள் மகள்,
கவிதா