துரை இரண்டரை மணிக்கு ஏன் அழுகிறான்

வெள்ளிக்கிழமை, பிற்பகல்

அன்பு மகளுக்கு,

துரை உன்னை மறந்துவிடுவானா என்று போன வாரம் கேட்டாய். எனக்குத் தெரியாது. படித்துப் பார்த்தேன், கால்நடை டாக்டரையும் கேட்டேன், ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். நாய்க்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் யாரும் இல்லை. அதனால் தெரியாததைத் தெரியாது என்றே வைத்துவிட்டு, தெரிந்ததை எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு, அது பணிமனையில் நாள் முழுக்க நின்றுகொண்டு பஸ் நேரம் குறிப்பவர்கள் எல்லாருக்கும் உண்டு. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இதமாக உடுத்திக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். துரை மட்டும் பாதி நலம், பாதி வழக்கு. போனில் பேசக்கூடியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறேன் என்று நினைப்பாய். போன் என்றால் உன் குரல் வெளியே கேட்கும், அவன் என் காலடியிலேயே கிடக்கிறான். அதுதான் காரணம், போகப் போகப் புரியும்.

முதலில் நீ அனுப்பிய கேள்விப் பட்டியலை முடித்துவிடுகிறேன். புல் தின்கிறான், ஆமாம், தின்றுவிட்டு எப்போதாவது கக்குகிறான். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக வெளிக்குப் போகிற நாய் புல் தின்றால் கவலைப்பட வேண்டாம், மருந்தடித்த புல்லாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார் டாக்டர். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது கதை. தூங்கி எழுந்தால் எந்த நாய்க்கும் மூக்கு காயும். நான் தெர்மாமீட்டர் வைத்தே பார்த்தேன், முப்பத்தெட்டரை டிகிரி, நாய்க்கு அது சரியான அளவு. எங்கே வைத்துப் பார்த்தேன் என்று கேட்காதே, அதற்குப் பிறகு அரை நாள் எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பின்புறத்தைத் தரையில் தேய்த்தானே, அது பூச்சி இல்லை, வாலடியில் இரண்டு சிறிய பைகள் நிரம்பிப் போயிருந்தன. டாக்டர் பிதுக்கி எடுத்தார். அந்த நாற்றத்துக்கு அப்பா பால்கனிக்குப் போனவர் ஒரு மணி நேரம் உள்ளே வரவில்லை. இடது காதுக்குள் பழுப்பு அழுக்கும் வாடையும் இருந்ததால் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார், பத்து நாள், இரண்டு வேளை. எலும்பு விஷயத்தில் அப்பாவோடு தினமும் சண்டை. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று சொன்னால், மேசைக்கடியில் கையை நீட்டிக்கொண்டே, "எங்க காலத்து நாயெல்லாம் கல்லையே தின்னுச்சு, சயின்டிஸ்ட் அம்மா" என்கிறார். அந்த நாய் எத்தனை வருஷம் இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு" என்றார். அன்றோடு எலும்பு நின்றது.

செருப்பைக் கடித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறானே, தப்பு செய்தது அவனுக்குத் தெரிகிறதா என்றும் கேட்டிருந்தாய். அதை நான் சோதித்தே பார்த்துவிட்டேன். ஒரு நாள் அவன் ஒன்றையும் கடிக்காமல் சமர்த்தாகப் படுத்திருந்தபோது எதிரில் போய் நின்று கோபமாக முறைத்தேன். காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, அதே குற்றவாளி முகம். ஆக அது அவன் செய்த தப்பின் முகம் இல்லை, என் முகத்துக்கு அவன் கொடுக்கிற பதில். எப்போதோ செய்ததற்கு இப்போது திட்டினால் நாய்க்கு ஒன்றும் புரியாது, நம்மைக் கண்டு பயப்பட மட்டும் கற்றுக்கொள்ளும். அன்றிலிருந்து திட்டுவதில்லை, செருப்பை மேலே எடுத்து வைக்கிறேன்.

இனி உன்னிடம் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். நீ வேலைக்காக அந்த ஊருக்குப் போன நாலாவது நாளிலிருந்து அவன் ஊளையிடுகிறான். நான் வீட்டைவிட்டு வெளியே போனால் பத்து நிமிடம் தாங்குவதில்லை. நம் கீழ்வீட்டு நர்ஸைத் தெரியுமல்லவா, இரவெல்லாம் ஆஸ்பத்திரி, பகலில்தான் தூக்கம். முதல் மாதம் பொறுத்தாள். இரண்டாவது மாதம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "குலைச்சாக்கூடப் பரவாயில்லக்கா, காதுல பஞ்சு வெச்சுப்பேன். இவன் மனுஷன் மாதிரி அழறான். ராத்திரி பூரா நான் கேக்குறதே அதான், பகல்லயும் கேக்கணுமா?" என்றாள். மூன்றாவது மாதம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வருகிற திங்கட்கிழமைக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லையென்றால் நாயை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். அவனுக்காக நான் போட்ட லீவும் அதே திங்கட்கிழமைதான் முடிகிறது. மூன்றாம் முறை நீட்டிக்க முடியாது என்று ஆய்வுக்கூடத் தலைவி சொல்லிவிட்டார்; நகரத்துத் தண்ணீர் மாதிரிகள் புட்டி புட்டியாக எனக்காகக் காத்திருக்கின்றனவாம். நாய் விடுதியில் இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தான். டாக்டரிடம் நாய் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிற வீடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வீட்டை எனக்குக் காட்டினார். நல்ல வீடு, எந்நேரமும் ஆள் இருக்கும் வீடு. நான் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், பயிற்சி. நாம் வெளியே போவது பெரிய சம்பவம் இல்லை என்று நாய்க்குப் பழக்க வேண்டுமாம். சாவியை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார வேண்டும். கதவுக்கு வெளியே அரை நிமிடம், பிறகு ஒரு நிமிடம், பிறகு இரண்டு. அவன் பதறுவதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும், பதறிவிட்டால் அடுத்த நாள் பழையபடி அரை நிமிடத்திலிருந்து. இதைத் தினம் இருபது முறை செய்கிறேன். கையில் கடிகாரத்தோடு நம் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிற என்னை எதிர்வீட்டுக்காரர் பல நாள் பார்த்துவிட்டு, "எதையாவது தொலைச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். குப்பை போடக் கீழே இறங்கினால் ஓட்டம். குளியலறைக் கதவைச் சாத்தினால் இடுக்கில் ஒரு மூக்கு. நாயைக் கட்டி வளர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இங்கே என்னைக் கட்டி ஒரு நாய் வளர்க்கிறது. அப்பா காலை ஆறு மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார். நடுவில் இந்த மூன்று அறைகள்தான். உன் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தில் எந்தெந்த வீட்டில் என்னென்ன துணி காய்கிறது என்று இப்போது எனக்கு மனப்பாடம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவனை விட்டுவிட்டுப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான், நீ கேட்கவில்லை.

டாக்டர் எழுதி வைக்கச் சொன்னதால் ஒவ்வொரு அழுகையையும் நேரம் போட்டு நோட்டில் எழுதினேன். ஆறு வாரம் ஆனதும் வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். நான் வெளியே போகும்போதெல்லாம் அழுத புள்ளிகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. ஆனால் ஒரு இடத்தில் எறும்புப் புற்று மாதிரி மொய்த்திருந்தன. பிற்பகல் இரண்டரை மணியை ஒட்டி, வார நாட்களில் மட்டும். அந்த நேரத்தில் நான் வெளியே போவதே இல்லை. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் படுப்பேன். ஆள் வீட்டில் இருக்கும்போதே, தனியாக விட்டதற்காக எந்த நாயாவது அழுமா? அழுக்குத் தண்ணீர் வந்தால் குழாயைக் குறை சொல்வதற்கு முன் என் புட்டியைக் கழுவிப் பார்க்கிறவள் நான். மறுநாள் படுக்காமல் இரண்டு இருபதுக்கே உன் அறைக்கு வெளியே நடையில் நின்றேன். இரண்டரைக்கு அலமாரியிலிருந்து உன் குரல் வந்தது.

துரையைப் பார்த்துக்கொள்ள நீ அலமாரியில் வைத்துவிட்டுப் போன அந்தக் கேமராவில் பார்க்க மட்டும்தான் முடியும் என்று நினைத்திருந்தேன், பேசவும் முடியும் என்று எனக்குத் தெரியாது. அது உனக்கு இடைவேளை நேரம் என்று பிறகு கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டேன். நீ "துரைக்குட்டி" என்றதும் அவன் துள்ளி எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறான். அதைப் பார்த்து நீ சிரிக்கிறாய், பொம்மையை எடுத்துவர ஓடுகிறான் என்று நினைத்து. கேமரா அவன் படுக்கையை மட்டும்தான் காட்டும். அவன் ஓடுவது வாசலுக்கு. அங்கே நீ இல்லை. திரும்பி வந்து கட்டிலுக்கடியில் பார்க்கிறான், அலமாரிக்குப் பின்னால் மூக்கை விடுகிறான், மறுபடி வாசல். கதவைப் பிறாண்டுகிறான். உன் இடைவேளை முடிந்து நீ அணைத்துவிட்டுப் போன பிறகுதான் ஊளை ஆரம்பிக்கிறது. அது முக்கால் மணி நேரம். அதற்கப்புறம் அன்று முழுக்க நான் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுக்க எழுந்தாலும் கூடவே வருகிறான். நான் நாள்முழுக்க நிமிடம் நிமிடமாகக் கட்டுவது இரண்டரைக்கு இடிந்து விழுகிறது.

இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினோரு நாள் நடையில் நின்று கேட்டேன். முதல் இரண்டு நாள் சோதனைக்காக என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன், மீதிக்குக் காரணம் கிடையாது. "இங்க எல்லாரும் சேந்து சாப்பிடுறாங்கடா துரை, நான் ஸ்டோர் ரூம்ல உக்காந்துதான் உன்கிட்ட பேசுறேன். அம்மாகிட்ட சொல்லிடாத, அவங்க கிராஃப் போட ஆரம்பிச்சுடுவாங்க" என்றாய். அவன் சொல்லவில்லை. நான்தான் கேட்டுவிட்டேன். ஒட்டுக் கேட்டது தப்பு, மன்னித்துக்கொள். போனில் உன் வாயிலிருந்து "எல்லாம் நல்லா இருக்கும்மா" தவிர வேறொன்றும் வந்ததில்லை, நானும் அதற்கு மேல் கேட்கத் தெரியாத அம்மாவாகவே இருந்துவிட்டேன்.

நாளை சனிக்கிழமை ஆனாலும் உனக்கு வேலை உண்டு என்றாய். காலையில் இந்தத் தாள்களைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு அந்தக் கேமராவை எடுத்துவிடப் போகிறேன். உனக்கு அங்கே இருக்கிற ஒரே பேச்சுத் துணையைப் பறிக்கிறேன் என்று தெரிந்தேதான் செய்கிறேன். எடுக்காவிட்டால் திங்கட்கிழமை அவனையே எடுத்துவிடுவார்கள். உன் இடைவேளையின் அந்தப் பதினைந்து நிமிடம் என்னைக் கூப்பிடு. அவனிடம் சொன்னதையெல்லாம் என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்கு வாலாட்ட வராது, ஆனால் குறுக்கே பேசாமல் கேட்க முயற்சி செய்கிறேன். நாளை அவனைத் தனியே விட்டு அரை மணி நேரம் வெளியே போய்ப் பார்க்கப் போகிறேன். நர்ஸிடம் சொல்லி, அழுதானா என்று கவனித்துச் சொல்லச் சொன்னேன். நோட்டைக்கூட நீட்டினேன். "நான் தூங்கினா அவன் அழலைன்னு அர்த்தம், எழுந்துட்டா அழுதான்னு அர்த்தம். இதுக்கு எதுக்குக்கா நோட்டு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலையை அவசரப்பட்டு விடவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கவும் வேண்டாம்; இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கும், யோசிப்போம். சாப்பாட்டை ஸ்டோர் ரூமில் சாப்பிடாதே, ஒரு நாளாவது அவர்கள் மேசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்து பார். இருமல் மருந்து வாங்கச் சொன்னேனே, வாங்கினாயா? அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

சனிக்கிழமை, மாலை

காலையில் அனுப்பியதற்கு "சரி" என்று ஒரு வார்த்தை வந்தது. கோபமா என்று நான் கேட்கவில்லை. இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாவிச் சத்தம் கேட்டாலே அவன் நடுங்குவதால், சாவியை முன்கூட்டியே நர்ஸிடம் கொடுத்துவிட்டு, இழுத்தாலே பூட்டிக்கொள்ளும் கதவை ஒன்று ஐம்பதுக்கு வெறுமனே சாத்திக்கொண்டு இறங்கினேன். அரை மணி நேரச் சுதந்திரத்தில் நான் போன இடம் மருந்துக் கடை, வாங்கியது நாய்க் காது மருந்து. திரும்பி வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "கீழ இருக்கான். பெல் அடிக்காதீங்க." சாவி அவளிடம், அவள் தூக்கத்தில், இன்னொரு சாவி அப்பாவின் சட்டைப் பையில். மூன்று மாதமாக உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவள் இன்று வெளியே மாட்டிக்கொண்டேன். அவள் கதவுக்கு எதிரே படியில் உட்கார்ந்தேன்.

இரண்டரைக்கு நீ கூப்பிட்டாய். ஏம்மா கிசுகிசுன்னு பேசறே என்று கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றேன். பொய். உன் குரல் கதவுக்குள் போய்விடக் கூடாதென்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன். பதினைந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் பேசினாய். அதில் பாதி அலமாரியிலிருந்து நான் கேட்காதது.

ஐந்து மணிக்கு நர்ஸ் கதவைத் திறந்தாள். ஒன்பது நிமிடம் சும்மா இருந்தானாம், பத்தாவது நிமிடம் ஆரம்பித்தானாம். உன் குரல் இல்லாத நாள் அது, ஆகவே அந்த அழுகை நான் போனதற்காக. என் வரைபடம் பாதிதான் சரி. "அதட்டத்தான்க்கா மேல வந்தேன். கதவைத் திறந்தா என்னைத் தாண்டி இறங்கி என் வீட்டுக்குள்ள போயிட்டான். சத்தம் போட்டா வெளியன்னேன். கட்டிலுக்கடியில படுத்தான், நானும் படுத்தேன். எப்ப தூங்கினேன்னே தெரியல" என்றாள். திங்கட்கிழமை காலை, இரவு வேலை முடிந்து அவள் வந்ததும், அவனைக் கீழே அவளிடம் விட்டுவிட்டு என்னை வேலைக்குப் போகச் சொன்னாள். சங்கத்திடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னாள். ஒரு நாள் என்பது ஆய்வுக்கு எடுத்த ஒரே ஒரு மாதிரிதான், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றேன். "சொல்லாதீங்க, வேலைக்குப் போங்க" என்றாள். ஆய்வுக்கூடத் தலைவியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் நின்று துரையைக் கூப்பிட்டேன். கட்டிலுக்கடியிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தான், வாலை இரண்டு தரம் தரையில் தட்டினான், மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டான். இன்னொரு தரம் கூப்பிட்டேன். வரவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.