நீச்சல் குளம் இருக்கிறதாம்

அக்டோபர் 7, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம். தம்பி ஜுஹைர் எடுத்தால் பயமில்லை. அவன் டெக்சாஸில் பிறந்தவன், தமிழ் படிக்க வராது. அத்தாவுக்கு இவ்வளவு படிக்கப் பொறுமை கிடையாது. ஆனால் அம்மா திருச்சியில் தமிழ் டீச்சராக இருந்தவள். ஒரு வரி கண்ணில் பட்டால் முழுவதும் படித்துவிடுவாள். ஒற்றுப்பிழையும் திருத்துவாள்.

விஷயம் இதுதான். அத்தா என்னை மெடிசின் படிக்க சீனாவுக்கு அனுப்பப் போகிறார். ஸ்கூல் முடிந்ததும். ஆறு வருடம். என்னிடம் கேட்கவே இல்லை. சாப்பிடும்போது போனில் யாரிடமோ சொல்கிறார், "நதாவுக்கு சைனான்னு முடிவு பண்ணியாச்சு பாய்" என்று. நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாயில் சப்பாத்தியோடு.

அக்டோபர் 8, புதன்

அந்த யுனிவர்சிட்டியின் வீடியோவை அத்தா டிவியில் போட்டார். பெரிய கேட், லைப்ரரி, அப்புறம் நீச்சல் குளம்.

"பாரு நதா, ஒலிம்பிக் சைஸ்!"

என் ஸ்கூலிலும் நீச்சல் குளம் இருக்கிறது. ஒன்பதாவதில் நீச்சல் டீமில் சேரட்டுமா என்று கேட்டேன். "பசங்களும் வருவாங்களாம்மா?" என்று கேட்டார். அதோடு முடிந்தது. சீனாவில் அந்தக் குளத்துக்கு யார் வருவார்களாம்? மீன் மட்டுமா?

ஹலால் கேன்டீன் தனியாக இருக்கிறது என்று வந்ததும் அத்தா சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். "ஷஹீமா, இங்க வந்து பாரு! யுனிவர்சிட்டிக்குள்ளயே ஹலால்!" இரவு பதினொரு மணிக்கு ஹாஸ்டல் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. இரண்டு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார்.

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். "வெந்நீர் வருமா?" என்று மட்டும் கேட்டாள். வேறு ஒன்றுமே கேட்கவில்லை. அம்மா மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

அக்டோபர் 9, வியாழன்

மேப்பில் அந்த ஊரைத் தேடினேன். அங்கிருந்து எங்கள் ஊர் ரவுண்ட் ராக் வரை விரலால் இழுத்துக்கொண்டே இருந்தேன். பயமாக இருந்தது. மூடிவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

இன்று வீட்டில் பிரியாணி. சாப்பாட்டுக்குப் பிறகு சீனா.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் நஞ்சப்பன் அங்கிள், மரகதம் ஆன்ட்டியின் மகள் வெண்பா அக்கா அந்த யுனிவர்சிட்டியில்தான் மூன்றாவது வருடம் படிக்கிறாள். அவளிடம் சொல்லி, வீடியோ காலில் காலேஜைச் சுற்றிக் காட்ட அத்தா ஏற்பாடு செய்திருந்தார். பத்தாவது படிக்கும் பெண் இருப்பதால் திருமூர்த்தி அங்கிள் குடும்பமும் வந்தது. இங்கே ராத்திரி, அங்கே ஞாயிறு காலை. டிவி முழுக்க வெண்பா அக்கா.

"முகத்தக் காட்டினா கேட் திறக்கும் அங்கிள். இது எங்க ரூம். மேல கட்டில், கீழ டேபிள்."

"தண்ணி கஷ்டம் இருக்காம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"கார்டு வச்சா வெந்நீர் வரும் ஆன்ட்டி. கார்டுல பேலன்ஸ் தீந்துட்டா நின்னுடும். ஒரு தடவை தலையெல்லாம் ஷாம்புவோட நின்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். திருமூர்த்தி அங்கிள் ஜிம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். "இருந்து என்ன பிரயோஜனம், கன்னம் உப்பிக் கெடக்கே!" என்றார் அவர். அதற்கும் சிரிப்பு.

கேன்டீனில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் மாவை இழுத்து இழுத்து நூடுல்ஸ் செய்துகொண்டிருந்தார். "சலாம் சொல்லும்மா, அவருக்கு என் சலாம் சொல்லு!" என்று அத்தா கத்தினார். அவர் மாவுக் கையை ஆட்டிப் பதில் சலாம் சொன்னார். இங்கே கைதட்டல். அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நூடுல்ஸுக்கு!

மரகதம் ஆன்ட்டி மட்டும் உட்காரவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். "கண்ணு, போனைத் திருப்பு. உன்னையக் காட்டு" என்றார்.

"இரும்மா, லேப் காட்டணும்."

"கொஞ்சம் தள்ளிக்குங்க சிஸ்டர், மறைக்குது" என்றார் அத்தா.

ஆன்ட்டி தள்ளி நின்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

வெண்பா அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன். நேத்து காட்டினது எல்லாம் நடிப்புதானே, உண்மையைச் சொல்லுங்கள் என்று. எலி ஓடுகிறது, கக்கூஸ் நாறுகிறது என்று ஏதாவது சொல்லுவாள், அதை அத்தாவிடம் காட்டலாம் என்று நினைத்தேன்.

பதில் வந்தது. "நடிப்பு இல்ல நதா. எல்லாம் நெஜம். நூடுல்ஸ் சூப்பரா இருக்கும். வாத்தியாருங்களும் நல்லவங்க. ஆனா என்னால வீட்டுக்கு வர முடியாது."

அவளும் என்னை மாதிரிதான். அப்பாவின் ஹெச்-ஒன் வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். கிரீன் கார்டு க்யூ நகரவே நகராது. பிள்ளைக்கு இருபத்தொன்று ஆனால் அப்பாவின் விசாவிலிருந்து கழன்றுவிடும். வெண்பா அக்காவுக்கு சீனாவில் இருக்கும்போதே இருபத்தொன்று முடிந்துவிட்டது. லீவுக்கு வர டூரிஸ்ட் விசா கேட்டாள், கிடைக்கவில்லை. மறுபடியும் கேட்டாள், அப்போதும் கிடைக்கவில்லை. அங்கிளும் ஆன்ட்டியும் போய்ப் பார்க்கலாம் என்றால், வெளியே போனால் திரும்பி வர பாஸ்போர்ட்டில் மறுபடி விசா ஸ்டாம்பிங் போட்டுத் தருவார்களோ மாட்டார்களோ என்று பயம். அவர்கள் நேரில் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

யார் கேட்டாலும் ஆன்ட்டி சொல்வது: "இன்டர்ன்ஷிப்ல பிஸிங்க."

அக்டோபர் 14, செவ்வாய்

அத்தா ஆபீஸ் காலுக்கு நடுவில்கூட யாரிடமோ ஹலால் கேன்டீன் பற்றிச் சொல்கிறார். ஜுஹைர் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "இஃப் யூ லீவ், கேன் ஐ ஹேவ் யுவர் ரூம்?" தலையணையை எறிந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். அவனுக்கென்ன, அவன் சிட்டிசன். எங்கே போனாலும் திரும்பி வரலாம். ஒரே வயிற்றில்தான் பிறந்தோம். என்ன நியாயம் இது?

அக்டோபர் 18, சனி

இப்போதுதான் மாடிக்கு ஓடி வந்தேன். எழுத்து கோணலாக வரும்.

திருமூர்த்தி அங்கிள் வீட்டில் தீபாவளி பார்ட்டி. அத்தா புதிதாக வந்த ஒரு குடும்பத்தைப் பிடித்து வைத்து ஆரம்பித்தார். நீச்சல் குளம், லைப்ரரி, பதினொரு மணிக்குப் பூட்டு. அந்தப் புது ஆன்ட்டி திரும்பி மரகதம் ஆன்ட்டியிடம், "உங்க பொண்ணு தீபாவளிக்கு வரலீங்களா?" என்று கேட்டார்.

"இன்டர்ன்ஷிப்புங்க. ரொம்ப பிஸி."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்தேன். "பிஸி எல்லாம் இல்ல. வெண்பா அக்காவுக்கு விசா குடுக்கல. ரெண்டு தடவை கேட்டும் குடுக்கல. இனிமே அவங்க வீட்டுக்கு அவங்களே வர முடியாது. அத ஏன் யாரும் டிவியில காட்டல?"

மரகதம் ஆன்ட்டி தயிர் சாதம் போட்டுக்கொண்டிருந்தார். கரண்டியில் இருந்ததை அந்தப் புது ஆன்ட்டியின் தட்டில் போட்டுவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு போனார். நஞ்சப்பன் அங்கிள் பின்னாலேயே போனார்.

காரில் அத்தா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வீட்டுக்கு வந்து கராஜ் கதவு மூடிய பிறகுதான் பேசினார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எல்லாம் தெரியுமாம். இவருக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே!

"இருபத்தொண்ணு ஆனா இங்கயும் உன்ன வச்சுக்க என்னால முடியாதும்மா. ஸ்டூடண்ட் விசா, அது முடிஞ்சா வேலை, வேலை விசாவுக்கு ஒரு லாட்டரி. எங்கயாவது போகத்தான் போற. போறவ ஒரு டாக்டராவாவது போ."

"நான் இங்கயே கம்யூனிட்டி காலேஜ் போறேன்."

"அதெல்லாம் ஒரு காலேஜா? ஒரு பில்டிங்கு, ஒரு பார்க்கிங் லாட்டு."

"அப்ப எதுக்கு நீச்சல் குளம், நீச்சல் குளம்னு சொல்லிட்டே இருந்தீங்க?"

அத்தா காரைத் துடைக்கும் துணியை எடுத்தார். சும்மா மடித்தார். "வேற என்னத்தம்மா சொல்றது?"

மாடிக்கு ஓடி வந்துவிட்டேன். இதைவிடத் திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

வீட்டில் மிக்சி மட்டும் சத்தம் போடுகிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

மன்னிப்புக் கேட்கச் சொல்லி அம்மா என்னை மரகதம் ஆன்ட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஹாலில் பெட்டி திறந்து கிடந்தது.

"சாரி ஆன்ட்டி."

"அத்தனை பேர் முன்னாடி கேக்கோணுமா? ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா ஆகாதா?"

"போன்ல கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பீங்க."

"நதா!" என்று அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"உடுங்க, சொல்லியிருப்பேன்தான்" என்றார் ஆன்ட்டி. "சொல்லிச் சொல்லி எனக்கே அவ பிஸின்னு தோண ஆரம்பிச்சிருச்சு."

ஆன்ட்டி சீனாவுக்குப் போகிறார். தனியாக. அங்கிளால் வேலையை விட முடியாது.

"திரும்பி வர ஸ்டாம்பிங்?" என்று அம்மா கேட்டாள்.

"குடுத்தா வர்றேன். குடுக்காட்டி ஊருக்குப் போறேன். டிவி பக்கத்துல நின்னு நின்னு காலு வலிக்குதுங்க."

அம்மா கீழே உட்கார்ந்து ஆன்ட்டியின் ஸ்வெட்டர்களை மடிக்க ஆரம்பித்தாள். ஒன்றை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள். திரும்பி வரும்போது நடைபாதையில் நின்று சொன்னாள், என்னிடம் இல்லை, தெருவைப் பார்த்து: "நான் அப்படி நிக்க மாட்டேன்."

நவம்பர் 3, திங்கள்

கீழே அம்மாவும் அத்தாவும் சண்டை. அம்மா குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "டாக்டர் ஆகாட்டி செத்தா போயிடுவா?" என்பது மட்டும் காதில் விழுந்தது. அத்தா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, சனி

ஆன்ட்டி இன்று போய்விட்டார். நஞ்சப்பன் அங்கிளால் வண்டி ஓட்ட முடியவில்லை, அத்தாதான் ஓட்டினார். நானும் வருவேன் என்று ஏறிக்கொண்டேன். ஆஸ்டின் ஏர்போர்ட் வரை அங்கிள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பாஸ்போர்ட்ட எடுத்துட்டியா?" "எடுத்தாச்சுங்க." கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும். உள்ளே போகும்போது ஆன்ட்டி என் கன்னத்தைத் தட்டினார். கொஞ்சம் பலமாகவே.

திரும்பும்போது அங்கிள் பின் சீட்டிலிருந்து, "ஹாஸ்டல்ல அம்மாவத் தங்க விடுவாங்களா அன்வர்?" என்று கேட்டார். அத்தாவுக்குத் தெரியவில்லை. அந்த யுனிவர்சிட்டியைப் பற்றி அத்தாவுக்குத் தெரியாத ஒன்றை இன்றுதான் பார்த்தேன்.

அங்கிளை இறக்கிவிட்டோம். இருட்டு வீட்டுக்குள் அவர் போய் ஒரு லைட் போடும் வரை அத்தா வண்டியை எடுக்கவில்லை. அப்புறம் எங்கள் தெருவுக்குத் திரும்பாமல் நேரே போனார்.

"நீ சொன்ன அந்தக் காலேஜ் எந்தப் பக்கம்?"

வழி சொன்னேன். மூடியிருந்தது. அவர் சொன்ன மாதிரியேதான், ஒரு கட்டடம், சுற்றிலும் காலி பார்க்கிங். நடுவில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"கேன்டீன் இருக்கா?"

"வெண்டிங் மெஷின் இருக்கும் அத்தா."

"ஹாஸ்டலு?"

"இங்க ஹாஸ்டல் எல்லாம் கிடையாது. தினம் வீட்டுல இருந்துதான் வரணும்."

அத்தா கண்ணாடியை இறக்கி அந்தக் கட்டடத்தைப் பார்த்தார்.

"வீட்டுல இருந்து வரணும்" என்றார். வண்டியை எடுத்தார்.

அவ்வளவுதான். வந்ததும் டிவியைப் போட்டார்; முதலில் வந்த அந்தச் சீனா காலேஜ் வீடியோவை நிறுத்திவிட்டு ஜுஹைருக்குக் கார்ட்டூன் வைத்துக் கொடுத்தார்.

நான் ஜெயித்துவிட்டேனா? இருபத்தொன்று வரைக்கும்தானே. அதற்கப்புறம்? அப்போதும் யாராவது ஒரு நீச்சல் குளத்தைக் காட்டி என்னை எங்காவது அனுப்பத்தானே பார்ப்பார்கள்? எனக்குக் கோபம் தீரவில்லை. அத்தா மேல் இல்லை, இப்போது யார் மேல் என்றுதான் தெரிய

அம்மா கதவைத் தட்டுகிறா