நீங்கள் ஏற்றாத விளக்கு

என்னை வாய் நிறைய ‘ஆத்தா’ என்று கூப்பிட்ட என் மதினிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிவிட்டன. இதற்குள் எத்தனையோ முறை உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ‘மன்னித்துவிடுங்கள்’ என்று முதல் வரி வந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. ஊருக்கெல்லாம் தினமும் ஆறுதல் எழுதுகிறவளுக்கு, அண்ணன் பெண்டாட்டிக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியவில்லை.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் நன்றாக இருக்கிறார். அவரேதான் சமைக்கிறார், உப்புதான் இன்னும் கைக்கு வரவில்லை. திராட்சைத் தோட்டத்தில் கொடிகளை வெட்டிக் கவாத்து முடிந்து பந்தல் முழுக்கத் தளிர் விட்டிருக்கிறது. போன தடவை பழம் நிறம் மாறுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு கொத்துக்கொத்தாக வெடித்துவிட்டது. அன்றைக்கு அண்ணன் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டு, “அவ இருந்தா வானத்தை நாலு ஏச்சு ஏசிருப்பா” என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இந்தக் கடிதத்தை நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், மதினி. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கம்பத்தில் பள்ளிக்கூட டீச்சர். தேனியிலிருந்து வரும் ஒரு நாளிதழில் ‘காலைச் சொல்’ என்று தினமும் அரைப்பக்கம் எழுதுகிறேன். மனசுக்குத் தைரியம், கடவுள், பொறுமை, இப்படித்தான் விஷயம் இருக்கும். தினமும் எப்படி டீச்சர் புதிதாக ஒன்று கிடைக்கிறது என்று கேட்பார்கள். “தியானம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தியானமாவது ஒன்றாவது. காமயகவுண்டன்பட்டியில் நம் தெருவிலிருந்து பஸ் நிற்கிற இடம்வரை, காலை ஆறரை மணிக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடப்போமே, அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்குக் கிடைத்தது எல்லாம். நீங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போவீர்கள், நான் டவுன் பஸ்ஸுக்கு. வழியில் நீங்கள் எதையாவது சொல்வீர்கள். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் காலி வகுப்பறையில் உட்கார்ந்து நான் அதை எழுதிவிடுவேன்.

கொடியை வெட்டினால்தான் காய்க்கும் என்று எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் மட்டும்தான், “வெட்டுன எடத்துல ரெண்டு நாளைக்குத் தண்ணி சொட்டும் ஆத்தா, அழுகுற மாதிரி. அதையும் எழுது” என்றீர்கள். அதை எழுதினேன். எத்தனை பேர் போன் செய்து பாராட்டினார்கள்! “என் மதினி சொன்னது” என்று ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. உங்களிடம் வந்து பெருமையாகப் படித்துக் காட்டினேன். “நல்லாருக்கே, யாரு சொன்னா?” என்று கேட்டுச் சிரித்தீர்கள். அது கேலியா, வருத்தமா? அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

உங்கள் மகள் பவித்ரா போன கதையை நான் இங்கே நீட்டப்போவதில்லை. பதினோரு வயது. காய்ச்சல். மூன்றே நாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்கள் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் சாமி மாடத்தில் விளக்கு ஏற்றவில்லை. யாரும் உங்களைக் கேட்கவும் இல்லை. ஆறு வருடம் அப்படியே போயிற்று.

அன்றைக்கு ஒருநாள் பஸ் வரவில்லை. அடுத்த பஸ்வரை உங்களோடு தோட்டத்துக்கு வந்தேன். நீங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதல் வரிசைக்குக் கீழே நின்று, பந்தலை அண்ணாந்து பார்த்தீர்கள். யாரிடமோ சொல்வதுபோல் சத்தமாகவே சொன்னீர்கள்:

“வந்துட்டேன். ஆனா இன்னும் ஒங்கூடப் பேச மாட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யார்ட்ட மதினி?”

“சாமிகிட்டத்தான். வேற யாருகிட்ட?”

“தெனமும் சொல்லுவீகளா?”

“தெனமும்தான். சொல்லலைன்னா கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்கிருவாருல்ல.”

“பேச மாட்டேன்னு தெனமும் வந்து சொல்றீகளே, அதுவே ஒரு பேச்சுத்தானே மதினி?”

நீங்கள் என்னை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். பவித்ராவுக்குப் பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. “போடி இவளே, பஸ்ஸு வந்துரப்போகுது” என்று என்னை விரட்டினீர்கள்.

அன்றைக்கு நான் பஸ்ஸில் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன், அப்படி ஒரு பரபரப்பு. வகுப்பறைக்குப் போனதும் எழுதினேன். உங்கள் பெயரைப் போடவில்லை. ‘எங்கள் பகுதியில் ஒரு தாய்’ என்றுதான் எழுதினேன். நீங்கள் சொன்னதை எல்லாம் ஒரு சொல் மாறாமல் எழுதினேன். கடைசியில் இரண்டு வரி இடம் மீதி இருந்தது. அப்படியே விட்டால் படிக்கிறவர்களுக்கு மனசு கனத்துப் போகுமே என்று தோன்றியது. ‘அன்று மாலை, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தத் தாய் தன் வீட்டில் விளக்கேற்றினார்’ என்று எழுதி முடித்தேன்.

எழுதும்போது என் கண்ணில் தண்ணீர் வந்தது, மதினி. அதுதான் எனக்கு இப்போது ரொம்பக் கூச்சமாக இருக்கிறது. பொய்யை எழுதிவிட்டு அதற்கே அழுதிருக்கிறேன்.

அதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் அதிகமாகப் பரவியது. பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், பஸ்ஸில் படித்தார்கள், போனுக்குப் போன் அனுப்பினார்கள். ஊரில் உள்ளவர்களுக்கு அந்தத் தாய் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? மூன்றாம் நாள் கடைவீதியில் ஒருவர் உங்களை நிறுத்தி, “வெளக்கு ஏத்திட்டீகளாமே, ரொம்பச் சந்தோசம்மா” என்று கும்பிட்டாராம். நீங்கள் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

அன்று சாயங்காலம் நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வெளக்கு ஏத்துனேன்னு எழுதிருக்கீகளே டீச்சர்.”

டீச்சர்! அதுவரை நீங்கள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ‘நீ’ என்றுதானே பேசுவீர்கள்.

“மதினி, அது... படிக்கிறவுகளுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டுமேன்னு...”

“படிக்கிறவுகளுக்குச் சரி. நான் ஏத்தலையே. அங்கன வெளக்கு வைக்க எடம் ஏது டீச்சர்? அங்கன அவ டப்பாதான இருக்கு.”

பவித்ராவின் ஜாமெட்ரி பாக்ஸ். சாமி மாடத்தில் படங்களுக்கு முன்னால், விளக்கு இருந்த இடத்தில் அதைத்தான் வைத்திருந்தீர்கள். தினமும் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் அந்த வீட்டில் காபி குடித்தேன். எழுதும்போது அது என் ஞாபகத்திலேயே இல்லை.

மறுநாள் ஆறரை மணிக்கு வாசலில் நின்று கூப்பிட்டேன். நீங்கள் ஆறு மணிக்கே தோட்டத்துக்குப் போய்விட்டதாக அண்ணன் சொன்னார். அதற்கப்புறம் தினமும் ஆறு மணிதான்.

ஒருநாள் அரைமணி நேரம் முன்னதாக எழுந்து உங்களைப் பிடித்திருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? கோபம் தானாக ஆறும் என்று விட்டுவிட்டேன். அந்த நாட்களிலும் ‘காலைச் சொல்’ ஒருநாள்கூட நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்பதன் மகத்துவத்தைப் பற்றி ஒரு வாரம் தொடர்ந்து எழுதினேன் என்றால் நம்புவீர்களா?

பிறகு உங்களுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். தேனிக்குக் கொண்டுபோனோம். நான் லீவு போட்டுவிட்டு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். கஞ்சி கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். நீங்கள் மறுபடியும் ‘ஆத்தா’ என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் மத்தியானம் நீங்கள் கேட்டீர்கள்.

“ஒன்னோடதெல்லாம் புத்தகமா வருதாமே?”

“ஆமா மதினி. அடுத்த மாசம்.”

“அதுல நம்ம கதையும் இருக்கா?”

“இருக்கு.”

“இருந்துட்டுப் போகட்டும். அந்த வெளக்கை மட்டும் எடுத்துரு ஆத்தா.”

“சரி மதினி” என்றேன்.

அன்றைக்கே புத்தகம் போடுகிறவருக்குப் போன் செய்தேன். அவர், “டீச்சர், அந்தக் கடைசி வரிக்காகத்தான் அந்தக் கட்டுரையையே முதலில் வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகிற நேரத்தில் அதில் கை வைக்காதீர்கள்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்கும் அந்த வரி பிடித்திருந்தது. நீங்கள் மறுபடியும் கேட்கவில்லை. எடுத்திருப்பேன் என்று நம்பியிருப்பீர்கள். புத்தகம் வந்தபோது நீங்கள் இல்லை.

கருமாதி அன்று பந்தல் வாசலில் அண்ணன் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார். உங்கள் போட்டோவுக்குக் கீழே, ‘ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு விளக்கேற்றிய தாய்’ என்று என் வரியைப் போட்டிருந்தார். போதாதென்று உறவுக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து அந்தக் கட்டுரை முழுவதையும் வாசித்தார். சனமெல்லாம் அழுதது. “எம்புட்டு அழகா எழுதிருக்காக” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உயிரோடு இருந்தபோது சொன்ன பொய்யை உங்கள் காரியத்திலும் சொல்லவிட்டு, தலையைக் குனிந்து நின்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு எழுத வரவில்லை. ஆறரை மணிக்கு அதே பாதையில் தனியாக நடந்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் லோயர் கேம்ப்வரை போய், பெரியாற்றுத் தண்ணீர் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயில்களுக்குப் போனேன். எதுவும் என்னோடு பேசவில்லை. பழைய கட்டுரைகளையே மாற்றி மாற்றிக் கொடுத்து ஒப்பேற்றினேன். கண்டுபிடிக்கிறவர் யாரும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள்.

உங்கள் வருஷத் திவசம் முடிந்த மறுநாள் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தளிருக்கு மருந்தடிக்கிற இயந்திரத்தைப் பிரித்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

“அவ ஏத்தலைன்னு எனக்குத் தெரியாதா ஆத்தா? ஒரே வீட்டுலதான இருந்தேன்.”

“பெறகு எதுக்குண்ணே ஃபிளெக்ஸ்ல போட்ட?”

துணியைக் கீழே வைத்தார். “ஏத்தியிருந்தா நல்லாருந்திருக்கும்னு எனக்கும் இருந்துச்சு” என்றார்.

மதினி, அந்த வீட்டில் அண்ணனும் ஆறு வருடம் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் எழுதிய பொய் அவருக்கு எவ்வளவு பெரிய ஆசை! அதையும் கிளறிவிட்டு வந்தேனே. திரும்பி வரும்போது அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். “எழுதணும்னா நெசத்தை எழுதிரு. அவ கோவக்காரி” என்றார்.

எழுதினேன். பத்திரிகையில் இருப்பவர், “நல்லா இருக்கிறதை எதுக்குக் கெடுக்குறீங்க டீச்சர்?” என்று இரண்டு நாள் கிடப்பில் போட்டார். பிறகு போட்டார். ‘அந்தத் தாய் விளக்கேற்றவில்லை. கடைசிவரை ஏற்றவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அந்த வரியை நான் எடுக்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். சிலர் திட்டினார்கள். இனிமேல் எதை நம்புவது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நாலாம் நாள் வருசநாட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். அவருக்கும் ஒரு பிள்ளை போய்விட்டதாம். என்னுடைய பழைய கட்டுரையை யாரோ அவர் கையில் கொடுத்து, “பாரு, அந்தம்மாவே ஏத்திட்டாக, ஒனக்கென்ன?” என்று சொல்லியிருக்கிறார்கள்.

“எனக்கு முடியலீக டீச்சர். தீப்பெட்டியக் கையில எடுத்தாலே ஒதறுது. அவுகளுக்கு முடிஞ்சது நமக்கு முடியலையே, நாமதான் பாவி போலன்னு ரெண்டு வருசமா நெனச்சுக்கிட்டே இருந்தேன். அவுகளும் ஏத்தலையா? நெசமாவா சொல்றீக?”

“நெசம்தாம்மா. ஏத்தலை.”

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் அழுகை கேட்டது. பிறகு, “அவுக பேரு என்ன?” என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன்.

என் இரண்டு வரி எங்கோ மலைக்கு நடுவில் ஒரு பெண்ணை இரண்டு வருடம் பாவி என்று நினைக்க வைத்திருக்கிறது, மதினி. ஆறுதல் என்று நினைத்துத்தானே எழுதினேன்? இன்னும் எத்தனை பேர் போன் செய்யாமல் இருக்கிறார்களோ. இதற்கு எனக்கு மன்னிப்பு உண்டா என்று கேட்க உரிமையில்லை. இப்போது இதை எழுதுவதும் உங்களைக் கேட்காமல்தான். அண்ணனிடம் கேட்டேன், வருசநாட்டு அம்மாவிடமும் இவ்வளவு மட்டும் எழுதிக்கொள்ளவா என்று கேட்டுவிட்டேன். உங்களிடம் எப்படிக் கேட்பது?

புத்தகத்தின் புதிய பதிப்பு வருகிறது. அந்தக் கட்டுரை இருந்த இடத்தில் இந்தக் கடிதம் இருக்கும்.

எழுத்து மறுபடியும் கொஞ்சம் வருகிறது. எங்கிருந்து என்று சொல்லத் தெரியவில்லை. முன்பு மாதிரி தினமும் வருவதில்லை. வராத நாளில் ‘இன்று ஒன்றும் இல்லை’ என்று பத்திரிகைக்குச் சொல்லிவிடுகிறேன். கடைசி வரியில் எனக்குக் கண் கலங்கினால், பேனாவை மூடிவிட்டு அது நடந்ததா என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை வருசநாட்டுக்குப் போகிறேன். அந்த அம்மா வரச் சொல்லியிருக்கிறார். பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டுமாம். கேட்க ஆள் இல்லையாம். நோட்டைக் கொண்டுபோக மாட்டேன். அவர் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதில் ஒரு சொல்லைக்கூட எழுத மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. ஏற்கெனவே ஒருமுறை ‘சரி மதினி’ என்று சொல்லிவிட்டுச் செய்யாதவள் கொடுக்கிற வாக்குதான். ஆனாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் நேரில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்ட
உங்கள் நாத்தனார்,
வசந்தா