செத்தவள் வேடம்

ஜனவரி 14, செவ்வாய்

புது வேலை. வழக்குக்கு முன் வக்கீல் ஹால்வர்சன் தன் கட்சிக்காரனுக்குச் சாட்சி சொல்லப் பழக்குகிறார். செத்தவளாக நடிக்க ஆள் வேண்டுமாம். நாடகத்தில் மூன்றாவது வேலைக்காரியாக வந்து போகிறவளுக்கு இது பதவி உயர்வுதான்!

கோரின் என்ற திருநங்கையைக் கொன்றவன் கெண்டல். ஜாமீனில் இருக்கிறான். அவள் திருநங்கை என்று அந்த நிமிடம்தான் தெரிந்ததாம், அதிர்ச்சியில் புத்தி கலங்கிவிட்டதாம்.

நானும் திருநங்கைதான். ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் இங்கே குப்பை கொட்ட முடியாது. பிறகு ஏன் ஒப்புக்கொண்டேன்? அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜனவரி 16, வியாழன்

கோரின் வீட்டில் இருந்தது போலவே ஒரு சோபா. அவள் போட்டிருந்தது போலவே நீலக் கோட்டு. எனக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியது. அந்த நிமிடத்தை நடித்துக் காட்டச் சொன்னதும் கெண்டல் என் தோளைத் தொட்டுத் திடுக்கிட்டு எழுந்தான்.

"இன்னும் கொஞ்சம் நடுக்கம் வேணும் தம்பி," என்றார் ஹால்வர்சன்.

அடுத்த தடவை நன்றாகவே நடுங்கினான்.

ஜனவரி 21

கடையில் யாரோ "கோரின்" என்று கூப்பிட்டார்கள். திரும்பிவிட்டேன். பின்னால் யாருமே இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று அவனுக்கு அழுகையும் வந்துவிட்டது. ஜூரிக்குப் பதிலாக உட்கார வைத்திருந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள். "பாவம், எந்த ஆம்பளைக்கும் அப்படித்தான் இருக்கும்." நான் சோபாவில் செத்துக் கிடந்தேன். கண்ணைத் திறக்கக் கூடாது. திறக்க முடியுமா என்றே ஒரு நொடி சந்தேகம்.

இடைவேளையில் கெண்டல் காபி கொண்டுவந்தான். எனக்கு என்ன வந்ததோ, "நானும் கோரின் மாதிரிதான், தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தான். "முதல் நாளே தெரியும். பாத்தா கண்டுபிடிக்க மாட்டேனா? சர்க்கரை போதுமா பாரு."

எவ்வளவு சாதாரணமாக! அப்படியானால் அவளைப் பற்றியும் முதல் நாளே தெரிந்திருக்கும். பிறகு ஏன்டா கொன்ன, பாவி? ஏன்? — யாரிடம் போய்ச் சொல்வது? உள்ளே நடப்பதை வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன். சொன்னால் நான் யார் என்றும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

சட்டம் வந்துவிட்டது! அவள் யார் என்று தெரிந்து அதிர்ந்துபோய்க் கொன்றேன் என்று இனி இந்த மாநிலத்தில் எவனும் சாக்குச் சொல்ல முடியாது. ஒத்திகை ரத்து என்று செய்தி வந்தது. சமையலறையில் தனியாக ஆடினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மறுபடி கூப்பிட்டார்கள். அதே சோபா. ஆனால் கதை மாறிவிட்டது. இப்போது அதிர்ச்சி கிடையாது, தற்காப்பாம். கோரின்தான் முதலில் அடிக்கக் கை ஓங்கினாளாம்.

"எங்க, கையை ஓங்கும்மா," என்றார் ஹால்வர்சன்.

கை மடியிலேயே கிடந்தது.

"காதுல விழலையா?"

"அவ ஓங்கல சார்."

"நீ பாத்தியா?"

"இல்ல. ஆனா நான் ஓங்க மாட்டேன்."

"சரி, வேற ஆள் பாத்துக்கறோம்." கெண்டல் எழுந்து வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டான், மரியாதையாக.

அடுத்த வாரம் அங்கே வேறொருத்தி கை ஓங்குவாள். அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்குப் போகவில்லை. அரசு வக்கீல் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போட்ட கையெழுத்துக்காக என் மேல் வழக்குப் போட்டால் போடட்டும். என்ன விஷயம் என்று ஒரு பெண் வந்து கேட்டாள். நான் யார் என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கதவைச் சாத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.