சிவப்புக் கயிற்றைப் பிடித்த கை

உங்கள் படம் இன்று காலை கைப்பேசியில் வந்தது. மறைமலைநகர்த் தொழிற்சாலையில் உங்களுக்கு இரங்கல் கூட்டமாம். படத்தில் சிரிக்கிறீர்கள். தோளுக்குப் பின்னால் சிவப்புக் கயிறு. அதைப் பிடித்திருக்கும் ஒரு கை. கைக்குரிய ஆளைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். அது என் கை. கைக்கடிகாரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன்.

இறந்தவரைப் பற்றிக் கசப்பாக எழுதலாமா என்று பேனாவை மூடினேன். நீங்கள் இருந்தபோது எதிரே நின்று பேசத் துணிவு வரவில்லையே என்று மறுபடி திறந்தேன்.

நீங்கள் மேலாளராக வருமுன், பிரேக் பெடல்களைச் செய்து கூரை வரை குவிப்போம். பழுது குவியலுக்கு அடியில் கிடந்து, மெதுவாக வெளிவரும். நீங்கள் பயிற்சிக்குப் போய்வந்து குவியலை ஒழித்தீர்கள். வேண்டியது மட்டும், வேண்டிய நேரத்தில். பழுதைக் கண்டவர் யாரானாலும் சிவப்புக் கயிற்றை இழுத்து உற்பத்தி லைனையே நிறுத்தலாம். நல்ல முறை. தர ஆய்வாளனாக இருந்த நான் அதை நம்பினேன். ஆனால் கயிற்றுக்கு மேலே அன்றைய உற்பத்தியைக் காட்டும் பழைய எண்ணிக்கைப் பலகையை நீங்கள் கழற்றவே இல்லை. எண் குறைந்த நாளில், "எவன்யா கயித்துல தொங்குனவன்?" என்பீர்கள். இழுத்த ஒப்பந்தத் தொழிலாளிகள் மறுமாதம் வரமாட்டார்கள்.

வெளிநாட்டு விருந்தினர் வந்த அன்று, ஒப்பந்தத்தில் இருந்த தனலட்சுமி ஒரு பெடலை நீட்டினாள். வெல்டிங்கில் மயிரிழை விரிசல்.

"முன்னாடி போனதுலயும் இப்படித்தான் கீது சார்."

"கயிற்றை இழும்மா."

"இழுத்தா நாளைக்கு எனுக்கு வேலை கீதா? நீங்கதான் பர்மனெண்ட்டாச்சே, நீங்க இழுங்களேன்."

இழுத்தேன். லைன் நின்றது. விருந்தினர் கைதட்டினார்கள். "எங்கள் ஆட்களுக்கு நான் தந்த உரிமை இது" என்று ஆங்கிலத்தில் சொல்லி, கேமராவுக்கு முன் வந்து நின்றீர்கள்.

அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் திரும்பினீர்கள். "இன்னா வாத்தியாரே, இன்னிக்குத்தான் கை அரிச்சுதா? யார் காட்டுனது அந்த பீஸை?"

"நானே பார்த்தேன் சார். முன்னால் போனவை லாரியில் இருக்கின்றன. இறக்கிப் பார்த்துவிடலாம்."

"லாரி லேட்டானா அங்க கார் கம்பெனிக்காரன் லைன் நின்னுடும்யா. மாத்திக் குடுக்க ஸ்டாக் இன்னா கீது?"

இருந்த ஸ்டாக்கைத்தான் வீண் என்று ஒழித்திருந்தீர்களே. நான் வெறுத்த பழைய குவியல் இருந்திருந்தால், அன்று அதிலிருந்து நல்லதைப் பொறுக்கியாவது அனுப்பியிருக்கலாம். லாரி போயிற்று. மறுநாள் என்னைப் பழைய இரும்புக் கிடங்குக்கு மாற்றினீர்கள். கம்பெனி பஸ்ஸில் தனலட்சுமி, "எனுக்காவ நீங்க போய் மாட்டிக்கினீங்களே சார்" என்றாள். அவள் வேலை தப்பியது.

அந்தப் பெடல்களால் எங்கும் எதுவும் நடந்ததாகத் தகவல் இல்லை. நான் மிகையாகப் பயந்திருக்கலாம். தகவல் இல்லாததையே உங்கள் முறையின் வெற்றி என்று மேடையில் சொன்னீர்கள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூட்டத்துக்கு வரமாட்டேன். என் கை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. என்னிடம் மிஞ்சியிருப்பது கால்தான். மாமல்லபுரம் போகும் பேருந்தில், ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம், எந்தப் பெடலும் இல்லாத வெறும் தரையை அது அழுத்துகிறது. வண்டி நிற்கும்வரை எடுப்பதில்லை.