கோமளாவின் வலது கால்

துவாரகா,
டெல்லி,
4 செப்டம்பர் 2025

அன்புள்ள வத்சு,

நலமா? நான் நலம் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். செல்போனைத் தூக்கி எறிந்துவிட்டேன், அதனால்தான் கடிதம். கரோல் பாக்குக்குத் தபால் இரண்டு நாளில் வந்துவிடும். பதிலை நீ ஆறப்போடாதே.

பிப்ரவரியில் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் என் மகள் மானசாவைக் காரேற்றிக் கொன்ற அர்ஜுன், ஜாமீனில் வந்து ஆறு மாதம் ஆகிறது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே பி பிளாக். காதில் போனோடு ஓட்டினான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். திடீரென்று கண் இருட்டிவிட்டது என்கிறார் அவன் வக்கீல். தினமும் காலை ஆறு மணிக்கு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு என் பால்கனிக்குக் கீழே நடக்கிறான். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

கார் ஓட்டுகிறவர்களின் மூளையைப் படம் பிடிப்பதுதானே உன் வேலை? அவன் தலையை உன் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் விட்டு, சொல்வது பொய் என்று எழுதிக் கொடு. புசா ரோடு பள்ளியில் எட்டு வருடம் என் டிபன் டப்பாவைக் காலி செய்தவளிடம் கேட்கிறேன்.

உன்
கோமளா

கரோல் பாக்,
9 செப்டம்பர்

அன்பு கோமு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். ஆனால் நீ கேட்டது முடியாதடி. காது பேச்சில் இருந்தால் கண் பார்த்தாலும் மூளை சரியாகப் பார்ப்பதில்லை. அதைத்தான் படம் பிடிக்கிறோம். அதுவும் அறுபது எழுபது பேரைப் பார்த்துப் பொதுவாகச் சொல்வது. ஓர் ஆளைப் பற்றி எந்த ஸ்கேனும் அப்படி அடித்துச் சொல்லாது. தவிர, சோதனைக்கு வருகிறவரின் முடிவை மூன்றாம் ஆளிடம் மூச்சுவிடக் கூடாது. அது விதி.

உன் வீட்டுக்காரர் பாலு நேற்று போனில் சொன்னார், நீ கார் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டாயாமே! நாற்பத்தெட்டு வயதில்! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? புதிதாக ஓட்டக் கற்ற, நாற்பதைத் தாண்டிய பெண்கள் எங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டும். ஒருநாள் வாயேன். உன்னைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

அன்புடன்,
வத்சலா

துவாரகா,
25 செப்டம்பர்

வத்சு,

வந்துவிட்டுப் போனது நல்லதாயிற்று. உலோகம் கூடாது என்று உன் உதவியாளர் சிந்து தாலி, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்ற வைத்தாள். குழாய்க்குள் படுத்தபடி, கண்ணுக்கு மேலே கண்ணாடியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்டிக் பெடலை மிதிப்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. எத்தனை பேர் குறுக்கே ஓடி வந்தார்கள்! உன் கேன்டீன் காபியை மட்டும் ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டேன்.

நன்றாக ஓட்டினேனா? எழுது.

கோமு

கரோல் பாக்,
1 அக்டோபர்

கோமு,

இதை எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். உன் திரையில் நாற்பது முறை ஆள் குறுக்கே வந்தது. முப்பத்தேழு முறை உன் கால் பிரேக்குக்குப் போயிற்று. மீதி மூன்று முறை வந்த உருவத்துக்கு வெள்ளைத் தொப்பி. அந்த மூன்று முறையும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியிருக்கிறாய். பதற்றத்தில் மாற்றி மிதித்துவிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உன் படத்தில் பதற்றமே இல்லை.

கார் கற்றது இதற்குத்தானா? நான் சந்தோஷப்பட்டேனே, மடச்சி! பாலுவிடம் சொல்ல வாய் துடிக்கிறது, விதி தடுக்கிறது. சாவியை நீயே அவரிடம் கொடுத்துவிடு. மானசா என்னை வாய் நிறைய சித்தி என்று கூப்பிட்டவள். அவளுக்காகக் கேட்கிறேன். உடனே பதில் எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வத்சு

துவாரகா,
14 அக்டோபர்

அன்புள்ள வத்சு,

ஓர் ஆளைப் பற்றி எந்த ஸ்கேனும் அடித்துச் சொல்லாது என்றாய். என்னைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டதோ?

ஆமாம், இதற்குத்தான் கற்றேன். உன் கடிதம் வந்த மறுநாள் காலை ஆறு மணிக்குக் காரை எடுத்தேன். பி பிளாக் திருப்பத்தில் வந்தான். அதே தொப்பி, காதில் போன். நேராக அவன்மேல் விட்டேன். நாலடி இருக்கும்போது இந்தப் பாழாய்ப்போன வலது கால், என்னைக் கேட்காமல் பிரேக்கை மிதித்துவிட்டது. என் மகளுக்குக் கிடைக்காத பிரேக் இவனுக்குக் கிடைத்ததே என்று ஸ்டியரிங்கில் அடித்துக்கொண்டு அழுதேன்.

"தேங்க்யூ, ஆன்ட்டிஜி!" என்று கையைத் தூக்கினான். பிறகு குனிந்து கண்ணாடி வழியே பார்த்தான். யார் என்று தெரிந்ததும் போன் கீழே விழுந்தது. ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அப்போது மட்டும் கண் இருட்டவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு பி பிளாக் வாசலில் காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் மாடியில் அவன் வீட்டு ஜன்னல் திரை கொஞ்சம் விலகும், உடனே மூடிக்கொள்ளும். நடையை விட்டுவிட்டான். ஆபீசுக்குப் பின்கேட் வழியாக, சுவரை ஒட்டிக்கொண்டே போகிறானாம். கோர்ட் கூப்பிடுகிறபோது கூப்பிடட்டும். அதுவரைக்கும் இது போதும்.

சாவி என்னிடமே இருக்கும். அவனை நான் இடிக்கமாட்டேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு இடிக்கவும் முடியாது. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சோதனைக்கு வந்தவளின் முடிவை மூன்றாம் ஆளிடம் மூச்சுவிடக் கூடாது அல்லவா?

மூச்சுவிடாதே.

உன்
கோமளா