பதினொரு நாள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

அத்தை வந்து என் அறையில் படுத்ததிலிருந்து பதினொரு நாள் நான் மாத்திரை போடவில்லை. டப்பாவைத் திறந்தால் என்னவென்று கேட்பார். நமக்கு இருப்பதை உங்கள் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே சத்தியம் வாங்கினீர்கள்? பால் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன்; அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நம்ம செல்லுக்குள்ளயே ஒரு நொதி காவல் காக்குதும்மா. எச்.ஐ.வி தன்னைப் படியெடுக்கிறப்போ, அந்த நொதி அதோட மரபணு எழுத்தையெல்லாம் மாத்திக் கெடுத்துடும். ஆனா வைரஸ் எமகாதகன். காவல்காரனுக்கே குப்பைன்னு முத்திரை குத்தி, செல்லை வச்சே அழிச்சிடும். மாத்திரையை விட்டா அதுக்குக் கொண்டாட்டம்தான்."

பாப்பாவுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வியாழக்கிழமை வரும். அதுவரை தாய்ப்பால் கூடாது. அவளோ புட்டிப்பாலைத் துப்புகிறாள். "பால் கட்டிக்கிட்டு நிக்குது, புள்ள தொண்டை வறண்டு கத்துது. கல்நெஞ்சக்காரி!" என்று அத்தை பொருமுகிறார்.

இன்று மதியம் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது பாப்பா என் மார்பில் குடித்துக்கொண்டிருந்தாள். அத்தைதான் கொண்டுவந்து போட்டிருக்கிறார். "பாரு, என் தங்கம் எப்படிக் குடிக்கிறா!" என்று சிரித்தார்.

விடிந்ததும் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை.

உங்கள் மகளின் அம்மா